கிதியோனின் ஆட்டுத்தோலும் வாக்குத்தத்த அட்டையும்

டிசம்பர் 31 இரவு பாளையங்கோட்டையில் யாரும் சீக்கிரம் படுப்பதில்லை. ஊசிக்கோபுரம் என்று ஊரே அழைக்கும் தூய திரித்துவப் பேராலயம் 1826இல் கட்டப்பட்டது. அதிலிருந்து தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட சிறு சபை வரை எல்லா இடத்திலும் விளக்கு எரியும். பன்னிரண்டு மணி ஆராதனை முடிந்ததும் பல சபைகளில் ஒரு தட்டு வரும். தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள், வசனம் தெரியாதபடி கவிழ்த்து வைத்திருக்கும். கண்ணை மூடி ஜெபித்து ஆளுக்கு ஒன்றை எடுப்பார்கள். வந்த வசனம் அந்த வருஷம் முழுவதும் வேதப்புத்தகத்துக்குள்ளோ பீரோ கண்ணாடி ஓரத்திலோ இருக்கும்.

இதில் ஒரு குறையும் நான் காணவில்லை. ஒரு வசனத்தை வருஷம் முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது நல்லதுதான். ஆனால் அதே அட்டையை எடுத்து மகளின் கல்யாணத்தை முடிவு செய்வதும், படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பார்த்து, நீ சந்தேகப்பட்டதால்தான் குணமாகவில்லை என்று சொல்வதும் நம் நடுவில் நடக்கிறது. இரண்டுக்கும் சாட்சியாக இழுக்கப்படுவது எபிரெய வேதம், நாம் பழைய ஏற்பாடு என்று சொல்லும் பகுதி. அந்தப் புத்தகம் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: விசுவாச வீரர்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 6ஆம் வசனத்தில் ஆபிராம் கர்த்தரை விசுவாசித்தார் என்றும், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்றும் இருக்கிறது. பவுல் தன் நிருபங்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளும் வசனம் அது. இரண்டே வசனம் தள்ளி, 8ஆம் வசனத்தில், இந்த நாட்டை நான் சுதந்தரிப்பேன் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அதே மனிதர் கேட்கிறார். விசுவாசமும் கேள்வியும் ஒரே வாயிலிருந்து, ஒரே இரவில் வருகின்றன. கர்த்தர் கோபிக்கவில்லை. ஒரு கிடாரி, ஒரு வெள்ளாடு, ஒரு ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு கொண்டுவரச் சொல்கிறார்.

மிருகங்களைத் துண்டித்து எதிரெதிரே வைத்து நடுவே நடந்துபோவது அந்தக் காலத்து உடன்படிக்கை முறை. எரேமியா 34ஆம் அதிகாரத்திலும் இதைப் பார்க்கலாம். வாக்கை மீறினால் இந்த மிருகத்துக்கு ஆனது எனக்கு ஆகட்டும் என்பது அதன் பொருள். ஆபிராமின் இரவில் துண்டங்களின் நடுவே கடந்துபோனது புகைகிற சூளையும் எரிகிற தீப்பந்தமும் மட்டுமே. ஆபிராம் நடக்கவில்லை. சந்தேகம் கேட்டவருக்குத் தண்டனை வரவில்லை. கேட்கப்பட்டவரே தன்னைப் பிணையாக வைத்தார்.

இரண்டு அதிகாரம் தாண்டி ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார், நூறு வயதில் பிள்ளையா என்று. அடுத்த அதிகாரத்தில் சாராள் சிரிக்கிறாள். நம் மேடைகளில் சாராளின் சிரிப்பு அடிக்கடி கண்டிக்கப்படுகிறது. ஆபிரகாமின் சிரிப்பு ஏனோ காதில் விழுவதில்லை. அது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

மோசே எரிகிற முட்செடியின் முன்னால் நின்றுகொண்டே சாக்குமேல் சாக்குச் சொன்னார். எரேமியா, நான் சிறுபிள்ளை என்றார். சங்கீதங்களில் பல முறையீடுகள். சந்தேகப்படுகிறவன் கடல் அலைக்கு ஒப்பானவன் என்ற யாக்கோபு நிருபத்தின் வசனத்தை நோயாளிகள்மேல் எறிகிறார்கள். அந்தப் பகுதி கடவுளிடம் ஞானம் கேட்டுவிட்டு இருமனமாய் நிற்பதைப் பற்றியது. அழுகையோடு கேள்வி கேட்கிறவனை அடிப்பதற்கு எழுதியது அல்ல.

நம்பிக்கை: கடவுளின் சித்தம் என்னவென்று கண்டுபிடிக்க கிதியோன் ஆட்டுத்தோல் போட்டான், நாமும் அப்படிச் செய்யலாம்.

இதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறாகச் சொல்லப்படுவது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரம். ஏழு வருஷமாக மீதியானியர் ஒட்டகங்களோடு வெட்டுக்கிளிபோல் வந்து விளைச்சலை அழித்துப்போகிறார்கள். ஆடு, மாடு, கழுதை ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. அப்போது யோவாசின் மகன் கிதியோன் திராட்சை ஆலையில் கோதுமை போரடிக்கிறான். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுப்பு பார்த்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், அவன் மனநிலை தெரிந்துவிடும். களம் என்றால் மேடு வேண்டும், வெளி வேண்டும், காற்று வேண்டும். காற்றில்லாமல் பொலி தூற்ற முடியாது. பதரும் மணியும் பிரியாது. பாறையில் குடைந்த குழிக்குள் இறங்கி எவனாவது தானியம் அடிக்கிறான் என்றால், பசியைவிடப் பயம் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் குழிக்குத்தான் கர்த்தருடைய தூதன் வருகிறார், பராக்கிரமசாலி என்று அழைக்கிறார். கிதியோன் உடனே கேள்வி கேட்கிறான்: கர்த்தர் எங்களோடே இருந்தால் இதெல்லாம் எங்களுக்கு ஏன் நேரிட்டது, பிதாக்கள் சொன்ன அற்புதமெல்லாம் எங்கே? பதிலாக வருவது கண்டிப்பு அல்ல; புறப்பட்டுப் போ என்ற கட்டளை. பிறகு கற்பாறையிலிருந்து நெருப்பு எழும்பி அவன் வைத்த ஆட்டிறைச்சியையும் அப்பங்களையும் பட்சிக்கிறது. அன்று இரவே, பகலில் செய்யப் பயந்து, பத்து வேலைக்காரரோடு போய்த் தகப்பனுடைய பாகால் பலிபீடத்தை இடிக்கிறான். பிறகு கர்த்தருடைய ஆவி அவன்மேல் இறங்குகிறது. எக்காளம் ஊதுகிறான், அபியேசரின் குடும்பமும், மனாசே, ஆசேர், செபுலோன், நப்தலி கோத்திரங்களும் திரண்டு வருகின்றன.

இவ்வளவும் நடந்த பின்புதான் ஆட்டுத்தோல் வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவன் ஜெபத்திலேயே, தேவரீர் சொன்னபடி என்று இரண்டு தரம் வருகிறது. இதைச் செய்யட்டுமா, அதைச் செய்யட்டுமா என்று அவன் கேட்கவில்லை. செய்யத்தான் போகிறேன், ஆனால் கை நடுங்குகிறது என்றுதான் சொல்கிறான். தெரியாத வழியைக் கண்டுபிடிக்கும் முறையாக அந்தக் கதையை எடுத்துக்கொள்ள அதிலேயே இடமில்லை.

முதல் இரவு தோல் நனைந்து தரை காய்ந்திருந்தது. பிழிந்தால் ஒரு கிண்ணம் தண்ணீர். கம்பளி ஈரத்தை இழுக்கும் சரக்கு, வெட்டவெளிப் பாறை வெயில் ஏறினால் சீக்கிரம் காயும், இது தற்செயலாய் இருக்கலாமோ என்று அவன் நினைத்திருக்கலாம். அடுத்த இரவு அப்படியே திருப்பிக் கேட்கிறான்: தரை நனையட்டும், தோல் காயட்டும். கேட்கும்போதே, கோபம் மூளாதிருப்பதாக, இன்னும் ஒரே ஒரு தரம் என்று கெஞ்சுகிறான். கேட்டபடியே நடக்கிறது. கிதியோனைக் கடிந்துகொண்ட ஒரு சொல் அந்த அதிகாரத்தில் கிடையாது.

பிறகு 32,000 பேர் வந்த படையில் பயந்தவர்களெல்லாம் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவிக்கச் சொல்கிறார் கர்த்தர். 22,000 பேர் போய்விடுகிறார்கள். பயந்தவனை வீட்டுக்கு அனுப்பு என்பது உபாகமம் 20இல் உள்ள சட்டமும்கூட. எல்லாரிலும் அதிகமாய்ப் பயந்த கிதியோன் மட்டும் போக விடப்படவில்லை. படை 300 ஆன இரவில், உனக்குப் பயமாயிருந்தால் வேலைக்காரன் பூராவைக் கூட்டிக்கொண்டு எதிரியின் பாளயத்துக்கு இறங்கிப் போய்க் கேள் என்று கர்த்தரே சொல்கிறார். போகிறான். வாற்கோதுமை அப்பம் ஒன்று உருண்டு வந்து கூடாரத்தைச் சாய்த்ததாக ஒரு மீதியானியன் தன் தோழனிடம் கனவு சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தக் கடைசி அடையாளம் வேண்டும் என்று கிதியோன் கேட்கவே இல்லை. அவன் பயத்தைக் கண்டு கர்த்தரே தாமாகக் கொடுத்தார்.

கதையின் வால்பகுதியை நம் ஞாயிறு பள்ளியில் சொல்லித்தருவது அபூர்வம். வெற்றி பெற்ற கிதியோன் ராஜாவாக மறுத்துவிட்டு, கொள்ளையில் வந்த 1,700 சேக்கல் பொன் கடுக்கன்களை வாங்கி, ஒரு ஏபோத்தைச் செய்து, சொந்த ஊரான ஒப்ராவில் வைத்தான். ஏபோத்து என்பது கர்த்தரிடம் விசாரிப்பதோடு சேர்ந்த ஆசாரிய அங்கி. தாவீது அபியத்தாரிடம் ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லித்தான் விசாரிக்கிறார். ஒப்ராவில் வைத்த ஏபோத்து கிதியோனுக்கும் அவன் வீட்டுக்கும் கண்ணியாயிற்று என்று வேதம் எழுதுகிறது. நடுங்கிய கைக்குக் கிடைத்த ஆறுதலில் குற்றம் காணாத அதே புத்தகம், கேட்டறியும் சாதனத்தை ஊரில் நிரந்தரமாய் நிறுத்தியதைக் குற்றமென்கிறது.

நம்பிக்கை: அடையாளம் கேட்பது கர்த்தரைப் பரீட்சை பார்ப்பது, பக்திமான் கேட்க மாட்டான்.

அடையாளம் கேட்க மறுத்த ஒரு பக்திமான் ஏசாயா 7இல் இருக்கிறார்: யூதாவின் ராஜா ஆகாஸ். சீரியாவும் வடக்கு இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமை நெருக்கிய நேரம், கிமு 734ஐ ஒட்டிய காலம். ஆழத்திலிருந்தோ உயரத்திலிருந்தோ ஓர் அடையாளம் கேள் என்று தீர்க்கதரிசி மூலம் கர்த்தரே சொல்கிறார். நான் கேட்கமாட்டேன், கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன் என்கிறார் ஆகாஸ். கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! ஏசாயா கொதித்துப்போகிறார். காரணம் 2 இராஜாக்கள் 16இல் இருக்கிறது: ஆகாஸ் ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து அசீரிய ராஜாவுக்கு அனுப்பி அவன் காலில் விழுந்தவர். யூதா ராஜா திறை கட்டியதை அந்த அசீரிய மன்னனின் கல்வெட்டும் சொல்கிறது. கர்த்தர் பதில் சொன்னால் அசீரியாவை விட வேண்டியிருக்கும். அதனால் கேட்க மறுத்தார்.

அவருடைய மகன் எசேக்கியா மரணப்படுக்கையில் அடையாளம் கேட்கிறார். ஆயுசில் 15 வருஷம் கூட்டித் தரப்பட்டது என்பதற்கு நிழல் பத்துப் பாகை பின்னே போகிறது. எந்தக் கடிகாரத்தில் தெரியுமா? ஆகாசின் கடிகாரத்தில். தகப்பன் வேண்டாம் என்ற அடையாளம் அவர் வைத்த சூரியக் கடிகாரத்தின் படிகளிலேயே மகனுக்குக் கிடைத்தது. இன்னொன்றும் கவனியுங்கள். அற்புதம் செய்த அதே ஏசாயா, அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் போடச் சொன்னார். அடையாளமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் போதும் என்று சொல்லும் வீடுகளில் 2 இராஜாக்கள் 20:7ஐச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்.

பரீட்சை பாராதிருங்கள் என்ற உபாகமக் கட்டளை மாசாவில் நடந்ததைச் சுட்டுகிறது. அங்கே ஜனங்கள், தண்ணீர் தராவிட்டால் கர்த்தர் எங்கள் நடுவில் இல்லை என்று வாதாடி, மோசேயைக் கல்லெறியும் அளவுக்குப் போனார்கள். மிரட்டுவது வேறு, கெஞ்சுவது வேறு.

நம்பிக்கை: ஆபிரகாமின் ஊழியக்காரன் அடையாளம் கேட்டுப் பெண் பார்த்தான், அட்டை எடுத்துச் சம்பந்தம் முடிப்பதும் அதுபோலத்தான்.

ஆதியாகமம் 24. பிரசங்கங்களில் எலியேசர் என்பார்கள். அந்த அதிகாரத்தில் அவருக்குப் பெயரே இல்லை, 15ஆம் அதிகாரத்துப் பெயரை நாமாகச் சேர்த்துக்கொண்டோம். அவர் கேட்ட அடையாளம் வானத்திலிருந்து நெருப்பு அல்ல. குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது, ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று எந்தப் பெண் தானாகச் சொல்கிறாளோ அவள். ஒட்டகம் பத்து. நெடும்பயணம் வந்து தாகம் முற்றிய ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டர் வரை குடிக்கக் கூடியது. ரெபெக்காள் துரவில் இறங்கிக் குடத்தை நிரப்பி ஏறி வந்து தொட்டியில் ஊற்றி, மறுபடியும் ஓடுகிறாள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து ஆழக் கிணறுகளில் இறைத்த பாட்டிமாரிடம் கேட்டால் அது எவ்வளவு வேலை என்று சொல்வார்கள். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்கு அந்த வேலையை ஒருத்தி சிரித்த முகமாய்ச் செய்கிறாள் என்றால், அவள் குணம் தெரிந்துவிட்டது. அவர் கேட்ட அடையாளமே பெண்ணின் இரக்கத்தை அளக்கும் அளவுகோல்.

அடையாளம் பலித்த பிறகும் அவர் அவசரப்படவில்லை. மௌனமாய் நின்று உற்றுப் பார்க்கிறார். யார் மகள் என்று விசாரிக்கிறார். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அண்ணன் தகப்பன் சம்மதம் கேட்கிறார். கடைசியில், பெண்ணையே கேட்போம் என்று ரெபெக்காளைக் கூப்பிட்டு, இந்த மனிதனோடே போகிறாயா என்கிறார்கள். அவள், போகிறேன் என்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் ஒட்டகங்கள் கிளம்புகின்றன.

நம் ஊரில் ஜெபித்தாயிற்று, வசனம் வந்துவிட்டது என்று மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பின்பு பெண்ணிடம் சொல்லும் வீடுகள் உண்டு. கர்த்தர் பேசிவிட்டார் என்ற சொல்லுக்கு எதிராக இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? இதற்கு ஆதியாகமம் 24ஐத் துணைக்கு அழைப்பது அந்த அதிகாரத்துக்குச் செய்யும் அநியாயம்.

அட்டைப் பழக்கம் வந்த வழி வேறு. ஜெர்மனியின் ஹாலே பக்திமார்க்கத்தாரில் ஒருவரான போகாட்ஸ்கி 1718இல் அன்றாட வசனங்களைத் திரட்டி ஒரு சிறு பொக்கிஷப் பெட்டி நூலை வெளியிட்டார். வசனப் பெட்டிகள் அந்த மரபில் பெருகின. ஹெர்ன்ஹூட்டின் மொராவியர் நாளுக்கொரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து 1731 முதல் அச்சிடுகிறார்கள். 1778இல் பாளையங்கோட்டையில் கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஷ்வார்ட்ஸ் ஐயர் வந்ததும் ஹாலேயோடு பிணைந்த மிஷனிலிருந்துதான். அருமையான மரபு. ஆனால் அது 300 வருஷப் பழக்கம். மோசேயும் சாமுவேலும் அறியாதது. மொராவியர் கல்யாணங்களுக்கும் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள்; பின்னாளில் அவர்களே அதைக் கைவிட்டார்கள்.

நம்பிக்கை: பூக்கட்டிப் பார்ப்பது அவர்கள் பழக்கம், வேதத்தில் சீட்டே கிடையாது.

நம் ஊர் அம்மன் கோயில்களில் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதைப் பார்த்துக் கிறிஸ்தவர்கள் முகம் சுளிப்பது நியாயமில்லை. சீலோவில் யோசுவா சீட்டுப் போட்டுத்தான் நிலம் பிரித்தார். சவுல் ராஜாவானதும் சீட்டில்தான். ஆனால் அவை சபை கூடிய இடத்தில், எல்லார் கண்முன்னும் நடந்தவை. கர்த்தரிடம் விசாரிக்கப் பயன்பட்ட ஊரீம் தும்மீம் ஆசாரியனின் மார்ப்பதக்கத்தில் இருந்தது. அது என்ன வடிவம் என்று வேதம் விவரிக்கவே இல்லை. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களிடம் அது இல்லை. சில ஆசாரியக் குடும்பங்களின் வம்ச அட்டவணை கிடைக்காதபோது, ஊரீம் தும்மீம் உள்ள ஆசாரியன் எழும்பும் வரை பொறுங்கள் என்று அதிபதி சொன்னதாக எஸ்றா 2இல் இருக்கிறது. தெரியாததைத் தெரியாதென்று விட்டுவிட்டார்கள்.

நம்பிக்கை: சொன்ன அடையாளம் அப்படியே நடந்தால் அது கடவுள்தான்.

உபாகமம் 13 இதை நேராகவே மறுக்கிறது. அடையாளம் பலித்தாலும், அது உன்னை வேறு தேவர்களிடம் இழுத்தால் கேட்காதே. எல்லாரும் ஒரே குரலில் சொல்வதும் சான்று அல்ல; ஆகாபுக்கு 400 பேர் ஒத்துச் சொன்னார்கள், மிகாயா ஒருவர்தான் உண்மை சொன்னார். 1860இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற ஊழியரின் சபைகள் நடுவில் எழுந்த எழுப்புதலும், அதன்பின் 1870களில் திருவிதாங்கூரில் எழுந்ததும் பலர் வாழ்க்கையை மாற்றின. அந்தத் திருவிதாங்கூர் எழுப்புதலின் முன்னணியில் நின்ற ஜஸ்டஸ் ஜோசப்பும் அவருடன் இருந்தவர்களும் 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார்கள். தரிசனங்களுக்குக் குறைவில்லை. அந்த வருஷம் வந்தது, போனது.

நம்பிக்கை: யோபு பொறுமையின் சிகரம்; கேள்வியே கேட்கவில்லை.

முதல் இரண்டு அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டவர்கள் சொல்வது. 3ஆம் அதிகாரத்தில் யோபு வாய் திறந்து தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதன்பின் முப்பது அதிகாரத்துக்கு மேல் வழக்கு. என் குற்றம் என்ன, எதிரே வந்து சொல்லும் என்று கடவுளையே நியாயத்துக்கு அழைக்கிறார்.

இந்தப் புத்தகத்துக்கு நம் மாவட்டத்தில் ஒரு தடம் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளையின் குடும்பத்தில் நஷ்டத்துக்குமேல் நஷ்டம் வந்தது. தெய்வக் குற்றமோ என்று கலங்கி நின்றவருக்கு, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். நீலகண்டர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்; 1752இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டார்; 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டார். துன்பப்படுகிறவன் பாவி என்று எண்ணியிருந்த ஒருவருக்கு, அப்படி அல்ல என்று காட்டியது கேள்வி கேட்ட மனிதனின் கதை.

எல்லாருக்கும் கேட்டது வருவதில்லை என்பதையும் இந்தப் பக்கத்து மண் அறியும். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் மனிதரிடம் பணம் கேட்காமல் ஜெபித்து, வந்த காணிக்கைகளைப் பதில்களாகவே எழுதி வைத்தவர். 1931இல் கீழே விழுந்து காயப்பட்டார். குணத்துக்காக ஜெபித்தார்கள். 1951இல் கண்ணை மூடும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் அந்த அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று டோனாவூரில் போய் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

யோபுவின் நண்பர்கள் மூவரும் கடவுளின் பக்கம் நின்று பேசியதாகத்தான் நினைத்தார்கள். நீ ஏதோ செய்திருப்பாய், மனம் திரும்பு என்றார்கள். 42ஆம் அதிகாரத்தில் கர்த்தர் எலிப்பாசைப் பார்த்து, என் தாசனாகிய யோபு என்னைப் பற்றிப் பேசியதுபோல நீங்கள் சரியாய்ப் பேசவில்லை என்கிறார். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் ஓட்டிக்கொண்டு யோபுவினிடத்துக்குப் போங்கள், அவன் உங்களுக்காக ஜெபிக்கட்டும், நான் அவன் முகத்தைப் பார்ப்பேன் என்கிறார். அவர்கள் போனார்கள்.